ஆம்பியரை ஏற்றும் முன்

துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் டிக் வெல்டிங் பார்த்த நாட்களில், 6 மி.மீ. பிளேட்டின் அடிவரை உருகவில்லை என்றால் எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே: ஆம்பியரை ஏற்றுவது. ஏற்ற ஏற்ற உருகிய குட்டை அகலமானது, ஆழமாகவில்லை. பிளேட் கோணிக்கொண்டதுதான் மிச்சம்.

கோளாறு சூட்டில் இல்லை, உருகிய இரும்பு ஓடும் திசையில் இருக்கிறது என்று பிறகுதான் புரிந்தது. குட்டையின் நடுவைவிட ஓரத்தில் சூடு குறைவு. அங்கே பரப்பு இழுவிசை அதிகம். அதனால் உலோகம் வெப்பத்தையும் அள்ளிக்கொண்டு ஓரத்துக்கு ஓடுகிறது. கொஞ்சம் ஆக்சிஜன் சேர்ந்தால் ஓட்டம் திரும்பிவிடும். ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து, நேராகக் கீழே இறங்கும். வெல்டிங்குக்கு முன் பிளேட்டில் ஆக்ஸைடு ஃப்ளக்ஸ் பூசுவது இந்த ஆக்சிஜனுக்காகத்தான். ஆர்க்கையும் அது ஒடுக்கிக் கொடுக்கிறது. 1960-களில் கீவ் நகரின் பேட்டன் மின் வெல்டிங் ஆய்வு நிலையத்தில் பிறந்த முறை இது. நம் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்திலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு இத்தகைய ஃப்ளக்ஸ் உருவாக்கியிருக்கிறார்கள்.

நான் சிலிக்கா மாவை அசிட்டோனில் குழைத்துப் பிரஷ்ஷால் பூசினேன். முதல் தடவை சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் தடிமனாக அப்பிவிட்டேன். ஆர்க் அலைபாய்ந்தது, கசடு ஒட்டிக்கொண்டது, பெனட்ரேஷன் முன்பைவிட மோசம். இரும்பின் பளபளப்பு மறைந்தால் போதும், அதற்குமேல் வேண்டாம். பூசும் முன் மில் ஸ்கேலைக் கிரைண்டரால் சுத்தமாக எடுத்துவிட வேண்டும். விளிம்பு நேர்வெட்டாக, இடைவெளியில்லாமல் ஒட்டி நிற்கட்டும். விளிம்பில் வி வெட்டோ ஃபில்லர் கம்பியோ தேவைப்படவில்லை. ஆர்க் நீளம் 2 மி.மீ. அளவில் மாறாமல் இருப்பது முக்கியம்.

அசிட்டோன் முழுதும் காய்ந்த பிறகே ஆர்க் அடியுங்கள், டப்பாவைத் தள்ளி வையுங்கள். சிலிக்காத் தூசு நுரையீரலைக் கெடுக்கும். குழைக்கும்போது மாஸ்க் கட்டாயம். இதில் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை.

மேலே பார்த்தால் தையல் ஒடுங்கி, கருத்து, அழகில்லாமல் இருக்கும். பையன்கள் அதைப் பார்த்துக் கெட்டுப்போச்சு என்பார்கள். குறுக்கே அறுத்து, பாலிஷ் செய்து, நைட்டால் என்ற அமிலக் கரைசலைத் தடவிக் காட்டினால்தான் நம்புவார்கள். கட்டுமான வேலையில் சோதித்து ஒப்புதல் வாங்கிய டபிள்யூ.பி.எஸ். (வெல்டிங் செயல்முறைக் குறிப்பு) இல்லாமல் இதைத் தொடவே கூடாது. பிளேட்டில் கந்தகம் கூடக்குறைய இருந்தாலும் ஆழம் மாறும். ஆகவே புது லாட் பிளேட் வந்தால் முதலில் ஒரு துண்டில் ஓட்டி, அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலையில் கை வைக்கிறேன்.