புறஞ்சேரியும் ஊரவையும்

நகரின் புறத்தே அமைந்த குடியிருப்பைப் புறநகர் என்று இந்நாளில் வழங்குகின்றோம். பழந்தமிழில் இதனோடு ஒத்த சொல் புறஞ்சேரி என்பது. சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்திலே 'புறஞ்சேரி இறுத்த காதை' என்றே ஒரு பகுதி உளது. இறுத்தல் என்பது ஈண்டுத் தங்குதலைக் குறிக்கும். புகாரை விட்டுப் போந்த கோவலனும் கண்ணகியும் மதுரை மதிலுக்கு வெளியே தங்கினர். அவண் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆய்மகளிடம் அடைக்கலமாக ஒப்புவித்தார். மாதரி அவர்களைத் தன் சேரிக்கு அழைத்துச் சென்று, தனி மனையொன்று அளித்து, அரிசியும் காய்களும் ஆன்பயனும் நல்கி, தன் மகள் ஐயையைத் துணையாகவும் வைத்தாள். வந்தவர் யார், எத்துணை நாள் இருப்பர் என்பவற்றைத் தீர ஆராய்ந்த பின்னரே உதவுவேன் என்று அவள் காத்திருக்கவில்லை.

நிற்க. நம் கல்லூரி இருக்கும் தாம்பரமும் ஒரு புறஞ்சேரியே. 1931ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கிற்று. 1937ஆம் ஆண்டில் கிறித்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனின் சந்தடியை விட்டு இவண் குடிபெயர்ந்தது. 2021ஆம் ஆண்டில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம் முதலிய பேரூராட்சிகளும் ஒருங்கே இணைக்கப்பட்டு மாநகராட்சியாயின. பெருஞ்சாலையை விட்டு உட்டெருக்களிற் புகுந்தால் இன்றும் அமைதியே நிலவுகின்றது. வைகறையில் இரயிலேறிச் சென்றவர் இரவிலே திரும்புகின்றனர். பகலிற் கதவுகள் சாத்தியே கிடக்கின்றன.

இவ்வமைதியைப் புகழாதார் இல்லை. ஆயினும், ஒருவரையொருவர் நன்கறிந்து மனநிறைவோடு வாழ்வதால் வரும் அமைதி வேறு. ஒருவரையொருவர் அறியாமையால் வரும் அமைதி வேறு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இடர் வந்துற்றபோதே வேறுபாடு புலனாகும்.

அத்தகைய இடர் 2015ஆம் ஆண்டு டிசம்பரில் வந்தது. அம்மாதம் 2ஆம் நாட் காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு கரைபுரண்டு முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளிற் புகுந்தது. கடற்கரைச் சிற்றூர்களினின்றும் மீனவர் தம் படகுகளைக் கொணர்ந்து தெருக்களிலே செலுத்தி, அகப்பட்டோரை மீட்டனர். அத்தகைய வேளையிற் படகினர் முதற்கண் வினவுவது யாது? எந்த வீட்டில் முதியோர் உளர், எந்த வீட்டிற் கைக்குழந்தை உளது என்பதன்றோ? பக்கத்து வீட்டின் பெயரும் அறியாதவர் இதற்கு விடை பகர்தல் இயலாது. அறிமுகத்தை வெள்ள நாளிலே தேட முடியாது என்பது வெளிப்படை.

இதற்கு மாறான ஒரு காட்சியும் இப்பகுதியிலேயே உண்டு. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னை முழுதும் நீரின்றி வாடியபோது, சிட்லபாக்கத்து மக்கள் தம் ஏரியில் இறங்கிக் குப்பையை வாரினர். அதன் பின்னர் அரசும் அவ்வேரியைச் சீரமைக்க முன்வந்தது. ஏரியின் பயன் ஒருபுறம் இருக்க, ஒரே சேற்றில் நின்று கூடை மாற்றிக்கொண்டவர்க்குள் தோன்றும் பழக்கம், ஆண்டுவிழா மேடையில் அருகருகே அமர்ந்தவர்க்குத் தோன்றுவதன்று என்பதே எம் கருத்து.

பொதுப் பணியிற் புகுவோர் யாவர், எவ்வுரிமை பற்றிப் புகுவர் என்னும் வினா மிகப் பழமையானது. உத்தரமேரூர்க் கோயிற் சுவரிலே முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்கு உரியன. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வாயிலாக ஆட்களைத் தெரிந்தெடுத்து, அவருள் அறுவரை ஏரி வாரியத்திற்கு அமர்த்தினர். ஏரியைக் காத்தற்கே ஒரு தனி வாரியம் இருந்தமை வியத்தற்குரியது. முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் விலக்கிய விதி, இந்நாளைய குடியிருப்போர் நலச் சங்கங்கள் சுவரிற் பொறித்து வைத்தற்குத் தக்கது! ஆயினும் அவ்விதிகளுள் மற்றொன்று நம்மைத் தடுக்கும். சொந்த மனையில் வீடு கட்டியிருத்தல் வேண்டும். இறை செலுத்தும் நிலம் இருத்தல் வேண்டும். வயது முப்பத்தைந்திற்கு மேற்படல் வேண்டும். அதுவும் பிரமதேயத்து அவை. வாடகைக் குடியினர்க்கும், பெண்டிர்க்கும், பத்தொன்பது வயதுடைய எம்மனோர்க்கும் அவண் இடமில்லை.

இற்றை நிலை வேறு. 1993ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம், 3 இலட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்களில் வார்டுக் குழுக்கள் அமைய வழிசெய்தது. தமிழ்நாட்டில் பகுதி சபை என்னும் கூட்டம் 2022ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் தொடங்கிற்று. அன்று முதலமைச்சர் கலந்துகொண்ட கூட்டம் நம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலிலேயே நிகழ்ந்தது. இச்சபை மனையுடைமையைக் கேட்பதன்று. அப்பகுதியின் வாக்காளர் பட்டியலிற் பெயர் இருத்தலையே கேட்கும்.

மாணவ நண்பர்காள்! விடுதியில் வாழும் நாம் இவ்வூரார் அல்லேம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். மூன்று ஆண்டு இவ்வூர் நீரைக் குடித்து, இவ்வூர்க் கடைகளில் கடன் வைத்து, இவ்வூர்க் கொசுவையும் பொறுத்துக்கொள்பவர் வேறு எவ்வூரார்? பதினெட்டு வயது நிரம்பிய மாணவர், சொந்த ஊரிலேனும் படிக்கும் ஊரின் விடுதி முகவரியிலேனும் வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம். பின்னதற்குக் கல்லூரித் தலைவரின் சான்று வேண்டும். இரண்டிடத்துப் பதிதல் மட்டும் கூடாது. எதனைத் தெரிந்துகொள்வது என்பது அவரவர் எண்ணிப் பார்த்தற்குரியது. பெற்றோர் வாழும் சிற்றூரின் கிராம சபையை விட்டுவிடுதலும் எளிதன்று.

பதிவு செய்யாதார்க்கும் புகுவாயில்கள் உள. கிளை நூலகம் ஒன்று. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தால், ஊரார் செலுத்தும் வரியோடு சேர்ந்து வரும் நூலக வரியே அதனைத் தாங்குகின்றது. ஆதலின் அங்குச் செல்வோர் யாருக்கும் விருந்தினர் அல்லர். ஆண்டுதோறும் கிறிஸ்மஸ் கீதபவனியில் நம் விடுதியார் பல வீடுகளின் வாயிலில் நின்று பாடுகின்றனர். பாட்டு முடிந்ததும் அடுத்த வீட்டிற்கு விரைகின்றனர். அவ்வீட்டார் பெயரைக் கேட்டு நினைவில் வைத்துக்கொண்டால், ஜனவரியில் கடைத்தெருவிற் கண்டபோது வணக்கம் சொல்லலாமே.

ஒன்று கூறுதல் வேண்டும். கற்றவர் என்னும் எண்ணத்தோடு ஊரார்க்குச் சொல்லிக்கொடுக்கப் புகுதல் கேடு விளைக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலே தொடங்கும். கல்லூரி திறப்பது ஜூனில். இடைப்பட்ட திங்கள்களில் ஒரு தெருவின் மழைநீர் எங்குத் தொடங்கி, எக்கால்வாய் வழியாக, எந்த ஏரியிற் சேர்கின்றது என்பதனை நடந்து பார்த்து வரைந்துகொள்ளலாம். வயலாய் இருந்த இடம் எது, மதகு இருந்த மூலை எது, மூடிப்போன ஓடை எது என்பவற்றை அத்தெருவில் நாற்பது ஆண்டு வாழ்ந்த பாட்டியாரே சொல்லக்கூடும். அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேளாமல் அவ்வரைபடம் நிறைவுறாது. கேட்டு எழுதியதை மழைக்கு முன்னர் அவரிடமே படித்துக் காட்டித் திருத்திக்கொண்டு, பின்பு அவரோடு பகுதி சபைக்கு எடுத்துச் செல்லலாம்.