வேகமும் வழக்கும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

“பல்லடம் ரோட்ல நிக்கிறாங்க, பாத்துப் போங்க.” திருப்பூரில் வண்டி ஓட்டுகிறவர்களின் செல்போனுக்கு இப்படி ஒரு தகவல் வராத நாளில்லை. பீஸ் மூட்டை ஏற்றிய டூவீலர், தொழிலாளர்களை அழைத்துவரும் வேன், தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கிளம்பும் கன்டெய்னர் என எல்லோருக்கும் அவசரம். அந்த அவசரத்துக்குத் துணையாகச் சில நம்பிக்கைகளும் ஊரில் உலவுகின்றன.

நம்பிக்கை: போலீஸைப் பார்த்ததும் பிரேக் அடித்தால் தப்பித்துவிடலாம்.

உண்மை: லேசர் வேகக் கருவி, கண்ணுக்குத் தெரியாத ஒளித்துடிப்புகளை நூற்றுக்கணக்கில் அனுப்பி, அவை பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு வேகத்தைக் கணக்கிடுகிறது. இதற்கு ஒரு நொடி கூட ஆகாது. சில நூறு மீட்டர் தூரத்திலேயே அளந்துவிடும். ஜீப் உங்கள் கண்ணில் படும்போது உங்கள் வேகம் பெரும்பாலும் பதிவாகியிருக்கும். திடீர் பிரேக்கால் பின்னால் வருகிறவர் உங்கள் மேல் மோதுவதுதான் மிச்சம்.

நம்பிக்கை: அறிவிப்புப் பலகை இல்லாவிட்டால் வழக்கே செல்லாது.

உண்மை: பாதிதான் சரி. கேமரா கண்காணிப்பு உள்ள பகுதிக்கு முன்பே பலகை வைக்க வேண்டும், கருவிக்கு ஆண்டுதோறும் சான்று புதுப்பிக்க வேண்டும், குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் மோட்டார் வாகன விதிகளில் வந்த 167ஏ விதி சொன்னது. நோட்டீஸில் படம், பதிவான வேகம், இடம், நேரம் எல்லாம் இருக்க வேண்டும். கருவி எதுவும் இல்லாமல், “வேகமாகப் போன மாதிரி இருந்தது” என்ற ஒரே சாட்சியின் கருத்தை மட்டும் வைத்துத் தண்டிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவு அனுமதிப்பதில்லை. இவை உங்கள் உரிமைகள். நோட்டீஸைக் கவனமாகப் படியுங்கள். ஆனால் பலகை இல்லை என்பதால் வேக வரம்பு இல்லாமல் போகாது.

நம்பிக்கை: ராத்திரியில் ரோடு காலி, எவ்வளவு வேகம் போனாலும் ஆபத்தில்லை.

உண்மை: 2020 பிப்ரவரி 20 அதிகாலை, அவிநாசி அருகே ஆறுவழிச் சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று நடுத்திட்டைத் தாண்டிப் பாய்ந்து, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் சென்ற கேரள அரசுப் பேருந்தில் மோதியது. 19 பேர் உயிரிழந்தார்கள். காலிச் சாலையும் நடுத்திட்டும் அவர்களைக் காப்பாற்றவில்லை. வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த மரணங்களில் 71 சதவீதத்துக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியிருக்கிறது.

நம்பிக்கை: மிதித்து ஓட்டினால்தான் ஷிப்மென்டைப் பிடிக்க முடியும்.

உண்மை: 15 கிலோமீட்டரை 60-ல் போனால் 15 நிமிடம்; 80-ல் போனால் பதினொன்றேகால் நிமிடம். லாபம் நான்கு நிமிடம் கூட இல்லை. அதையும் அடுத்த சிக்னல் விழுங்கிவிடும். பேக்கிங் தாமதம் மணிக்கணக்கில். அதை ரோட்டில் ஈடுகட்ட முடியாது.

நம்பிக்கை: அபராதம் டிரைவர் பாடு, கம்பெனிக்குச் சம்பந்தமில்லை.

உண்மை: பலருக்கும் தெரியாத விஷயம் இது. வேக வரம்பை மீறி ஓட்டுகிறவருக்கு மட்டுமல்ல, தன்னிடம் வேலை செய்பவரை அப்படி ஓட்ட வைக்கிறவருக்கும் 183-வது பிரிவு பொருந்தும். இலகு ரக வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரை அபராதம். “இத்தனை மணிக்குள் போய்ச் சேர்” என்று உத்தரவிட்டு, வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குள் சேரவே முடியாது என்று நீதிமன்றம் கருதினால், அந்த உத்தரவே அதைக் கொடுத்தவருக்கு எதிரான முதல்நிலை ஆதாரமாகும். டிரைவரின் சம்பளத்தில் அபராதத்தைப் பிடிப்பதோடு முதலாளியின் பொறுப்பு தீர்ந்துவிடாது.

எனவே கம்பெனி நடத்துகிறவர்களுக்கும் டிஸ்பாட்ச் பார்க்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சரக்கு எத்தனை மணிக்குச் சேர வேண்டும் என்று சொல்வதற்கு முன், வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதை முடிவு செய்யுங்கள். டிரைவருக்குப் போதுமான நேரத்தைக் கொடுத்துவிட்டால், போலீஸ் எங்கே நிற்கிறார்கள் என்று அவர் விசாரிக்க வேண்டியதே இருக்காது.