சிலிக்கோனும் கூந்தலின் வறட்சியும்

"சிலிக்கோன் கலந்த கண்டிஷனர் போட்டால் முடி காய்ந்துவிடும்" என்ற பேச்சு இப்போது எமது வகுப்பறைகளிலும் கேட்கிறது. அதை நம்பிக் கண்டிஷனரையே விட்டுவிட்டு, இடுப்பளவு கூந்தலைச் சிக்கோடு சீவி, சீப்பு நிறைந்த முடியை உம்மாவிடம் காட்டி அழுபவர்களும் உண்டு. இதில் எவ்வளவு உண்மை?

முதலில் முடியைப் பார்ப்போம். தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்றது. கெரற்றின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் மேற்பரப்பில் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த செதில்கள் உள்ளன. அவற்றின் மீதுள்ள மிக மெல்லிய கொழுப்புப் படை புதிய முடியை வழவழப்பாக வைத்திருக்கிறது. முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் வளர்கிறது. அப்படியானால் 60 சென்ரிமீற்றர் நீளமான கூந்தலின் நுனிக்கு வயது 5! அத்தனை காலச் சீவலும் வெயிலும், போதாததற்குச் சாயமும் நேராக்கும் இரசாயனங்களும் அந்தக் கொழுப்புப் படையைத் தேய்த்துச் செதில்களைக் கிளப்பிவிடுகின்றன. வேர்ப்பக்கம் மினுங்க, நுனி சொரசொரப்பது இதனால்தான்.

இனி வறட்சி. வறண்ட முடியில் நீர் குறைவு என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில் முடி காற்றிலிருந்து நீரை எடுத்துக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதன் 65 சதவீதமாக இருக்கும்போது முடியின் நிறையில் ஏறத்தாழ 15 சதவீதம் நீர். நன்றாக நனைந்தால் இது 30 சதவீதமளவுக்கு உயரும். பழுதடைந்த முடியோ நனையும்போது நல்ல முடியைவிடக் கூடுதலாக நீரை உறிஞ்சி வீங்குகிறது. ஆகவே எமது விரல்கள் "வறட்சி" என்று சொல்வது பெரும்பாலும் நீர்க்குறைவை அல்ல, செதில்களின் கரடுமுரட்டைத்தான்.

சிலிக்கோன் வேலை செய்வதும் அங்கேதான். சிலிக்கனும் ஒட்சிசனும் மாறி மாறி இணைந்த நீண்ட சங்கிலி அது. பக்கங்களில் உள்ள மெதைல் கூட்டங்கள் நீரை விலக்குகின்றன. கண்டிஷனரில் மிகுதியாகக் காணப்படும் டைமெதிகோன் இவ்வகையானது. இது செதில்களின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து உராய்வைக் குறைக்கிறது. சீப்பு வழுக்கிச் செல்கிறது, முடி முறிவது குறைகிறது. இது முடிக்கு நீரைக் கொடுப்பதுமில்லை, முடியிலுள்ள நீரை உறிஞ்சுவதுமில்லை. நீராவி இப்படலத்தினூடாகச் செல்லக்கூடியது என்பதால், "முடியைப் பூட்டிவிடுகிறது" என்பதும் மிகைப்பேச்சு.

குற்றச்சாட்டில் உண்மையான பகுதி ஒன்று உண்டு. டைமெதிகோன் நீரில் கரையாது. மென்மையான, சல்பேற்று இல்லாத ஷாம்புவை மட்டும் பாவிப்பவர்களின் முடியில் அது படிந்துகொண்டே போகலாம். அப்போது முடி பாரமாகி, மங்கி, உயிரில்லாமல் தொங்கும். அதை வறட்சி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கண்டிஷனரைத் தடவுவோம். படிவு இன்னும் கூடும். இடைக்கிடை ஒருமுறை சல்பேற்று உள்ள ஷாம்புவால் கழுவினால் பெரும்பகுதி நீங்கிவிடும். தினமும் அப்படிக் கழுவினால் செதில்கள்தான் பாழாகும்.

போத்தலின் பின்புறத்தை வாசியுங்கள். "பெக்" என்று தொடங்கி எண்ணோடு வரும் டைமெதிகோன்களில் பல நீரில் கரைபவை. அமோடைமெதிகோன் நேர் ஏற்றம் கொண்டது. பழுதடைந்த முடியின் மேற்பரப்பு மறை ஏற்றம் கொண்டது. எனவே அது தேவையான இடத்திலேயே கூடுதலாக ஒட்டிக்கொள்கிறது. எனக்குப் பிடித்த வேதியியல் பாடம் இதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2020 இல் கழுவி அகற்றும் அழகுசாதனங்களில் சைக்கிளோபென்டாசிலொக்சேனை 0.1 சதவீதத்துக்குக் கீழே மட்டுப்படுத்தியது உண்மை. ஆனால் அது சூழலில் அப்பொருள் அழியாமல் தேங்குவதால் எடுத்த முடிவு. முடி காய்வதால் அல்ல.

வீட்டுத் தேங்காய் எண்ணெயின் வேலை வேறு. அது முடியின் உள்ளே ஊடுருவி, கழுவும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைக்கிறது. குளிக்குமுன் எண்ணெய், குளித்தபின் நுனிகளுக்கு மட்டும் கண்டிஷனர் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

உம்மாமாருக்கு ஒரு வார்த்தை. நனைந்த முடியில் உள்ளிருக்கும் ஐதரசன் பிணைப்புகள் தளர்ந்திருக்கும். இழுத்தால் நீண்டு எளிதில் அறும். காலையில் குளித்த ஈரத்தோடு இறுக்கிப் பின்னி, மேலே பர்தாவும் போட்டு அனுப்பினால் பகல்வரை அது காயாது. முடிந்தால் முதல்நாள் மாலையே தலைக்குக் குளிக்கவிடுங்கள். காலையில்தான் முடியுமென்றால், பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்து, தளர்வாகப் பின்னிவிடுங்கள்.