முப்பத்தாறு கட்டம், ஆறு விடை

தனியாக இருக்கும் உலோக உருண்டையில் மின்னூட்டம் சமமாகப் பரவும். சதுரத் தகட்டில் அப்படி இல்லை. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் ஓரத்திலும் மூலையிலும்தான் அதிகம் சேரும். அப்போ மின்தேக்குத்திறனை எப்படிக் கணக்கிடுவது?

1879-ல் வெளிவந்த கேவண்டிஷ் ஆய்வு நூலில் மாக்ஸ்வெல் தகட்டை 36 கட்டமாகப் பிரித்தார். எல்லாக் கட்டத்திலும் மின்னழுத்தம் ஒன்றே என்று சமன்பாடு எழுதினார்.

36 சமன்பாடா! எனக்குப் பயம் வந்துடுச்சு. போன பரீட்சையில் பெரிய கணக்கைப் பார்த்ததுமே விட்டுட்டு வந்தவள் நான். கட்டத்தாளை மடித்துப் பார்த்தேன். கோலம் மாதிரி எல்லாப் பக்கமும் ஒத்துப்போச்சு. குறுக்கேயும் மடித்தால் 6 வகைக் கட்டம்தான்!

1 மீட்டர் தகட்டுக்கு அவர் விடை சுமார் 40.1 பிக்கோஃபாரட். இன்று கணினி சொல்வது 40.8.

பெரிய கணக்கா? முதலில் மடித்துப் பாருங்கள்.

— 9-ஆம் வகுப்பு மாணவி, பாகூர்