பென் டிரைவ் அடம் பிடித்தால்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. ஆகவே பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் பென் டிரைவ் மூலம் புது ஓஎஸ் போட முயல்வதும், அது பாதியில் நிற்பதும் இப்போது வீட்டு விஷயமாகிவிட்டது. கர்நாடகத்து மேல்கோட்டையில் இருப்பவர்களுக்கு மைசூர் சுமார் 50 கிலோமீட்டர். சர்வீஸ் கடை தேடி பஸ் ஏறுவதற்கு முன், வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள். பென் டிரைவ் கண்ணிலேயே படவில்லையா, பட்டும் கிளம்பவில்லையா, கிளம்பிய பிறகு மக்கர் செய்கிறதா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

1. பென் டிரைவ் தயாராகும்போது அதில் இருப்பதெல்லாம் அழியும். ஓஎஸ் போடும்போது ஹார்ட் டிஸ்க்கும் அழியலாம். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்துக் காக்கும் சம்ஸ்கிருத ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிற ஊர் மேல்கோட்டை. அங்கே இருந்துகொண்டு பெண்ணின் கல்யாணப் போட்டோவுக்கு இன்னொரு காப்பி இல்லை என்றால் எப்படி? முதலில் வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள்.

2. பலர், இறக்கிய ஓஎஸ்ஸின் ஐஎஸ்ஓ ஃபைலை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்துவிட்டு, பூட் ஆகவில்லையே என்கிறார்கள். ஆகாது. ரூஃபஸ் அல்லது (லினக்ஸுக்கு மட்டும்) பலேனா எட்சர் போன்ற ஒரு மென்பொருளால் அதை எழுத வேண்டும். வென்டாய் ஒரு விதிவிலக்கு: அதை ஒருமுறை பென் டிரைவில் நிறுவிவிட்டால், பிறகு ஐஎஸ்ஓவைக் காப்பி செய்து போட்டாலே போதும். விண்டோஸுக்கு 8 ஜிபி பென் டிரைவாவது வேண்டும்.

3. ஃபேட் 32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் முக்கியமான ஃபைல் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டிவிடும். கையால் காப்பி செய்து போடுகிறவர்கள் முட்டிக்கொள்வது இங்கேதான். ரூஃபஸ் இதைத் தானே சமாளித்துவிடும். மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலில் இந்தப் பிரச்சினையே வராது.

4. இறக்கிய ஐஎஸ்ஓ பழுதாக இருந்தால் பென் டிரைவை நொந்து பயனில்லை. பங்குனியில் மேல்கோட்டைக் கோயிலின் வைரமுடி சேவைக்கு ஊர் நிரம்பி வழியும் நாளில் 5 ஜிபி ஃபைலை மொபைல் டேட்டாவில் இறக்காமல் இருப்பது நல்லது. டவுன்லோட் நடுவில் அறுந்தால் ஃபைல் முழுசாக வந்த மாதிரியே தோன்றலாம். செவன் ஜிப் இருந்தால் ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து எஸ்எச்ஏ 256 எண்ணை எடுங்கள். ஓஎஸ் தருகிறவர்கள் வெளியிட்டிருக்கும் எண்ணோடு அது ஓர் எழுத்தில் மாறினாலும் மறுபடி இறக்க வேண்டியதுதான்.

5. பூட் மெனு வரவழைக்கும் பட்டன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டெல், லெனோவா என்றால் பொதுவாக எஃப் 12. எச்பியில் எஸ்கேப் அழுத்திவிட்டு எஃப் 9. ஆசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரிலும் எஃப் 12தான், ஆனால் பல மாடல்களில் எஃப் 2 வழியே பயாஸுக்குள் போய் அதை முதலில் ஆன் செய்ய வேண்டும். கம்ப்யூட்டரை ஆன் செய்த கையோடு பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்கள். பிடிபடவே இல்லையா? விண்டோஸிலிருந்து ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் வரும் நீலத் திரையில், யூஎஸ்பியிலிருந்து கிளம்பும் வழி இருக்கும்.

6. மெனுவில் பென் டிரைவே தெரியவில்லை என்றால் போர்ட்டை மாற்றுங்கள். ஹப், எக்ஸ்டென்ஷன் ஒயர் எதுவும் வேண்டாம். டெஸ்க்டாப்பில் முன்பக்கத்தை விடப் பின்பக்கப் போர்ட் நம்பகமானது.

7. ஒரே பென் டிரைவ் மெனுவில் இரண்டு பெயரில் தெரியலாம். ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும். புது மெஷினுக்கு அதுதான். அதில் கிளம்பிய பிறகு, இந்த டிஸ்க் எம்பிஆர் முறையில் இருப்பதால் விண்டோஸ் போட முடியாது என்று சொன்னால் டிஸ்க் கெட்டுப்போகவில்லை. கிளம்பிய முறைக்கும் டிஸ்க் பிரித்திருக்கும் முறைக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். பேக்கப் இருந்தால் எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்துவிட்டு மேலே போகலாம். இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

8. செக்யூர் பூட் என்ற காவல்காரர் கையெழுத்தில்லாத ஓஎஸ்ஸை உள்ளே விடமாட்டார். உபுண்டு போன்றவை கையெழுத்தோடு வருவதால் தடை இராது. 2024 ஆகஸ்டில் விண்டோஸ் அப்டேட் ஒன்று பழைய பூட்லோடர்களைத் தடைசெய்தபோது, விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருந்த பல கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் கிளம்ப மறுத்தது. ஆகவே இரண்டு வருஷத்துக்கு முன் செய்து வைத்த பென் டிரைவோடு மல்லுக்கட்டாமல் புது ஐஎஸ்ஓ இறக்குங்கள். செக்யூர் பூட்டை அணைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அதற்கு முன் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க ரெகவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்தால் பெரும்பாலும் கிடைக்கும். அது கையில் இல்லாமல் பயாஸில் கை வைத்து, சொந்த ஃபைல்களையே திறக்க முடியாமல் தவிப்பவர்கள் உண்டு.

9. எல்லாம் சரியாகப் போய், ஓஎஸ் போட டிஸ்க்கே இல்லை என்று காட்டுகிறதா? இன்டெல் 11-ஆம் தலைமுறை முதலான லேப்டாப்களில் இது சகஜம். எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று புதிது வாங்க ஓடாதீர்கள். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, அதே பென் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போடுங்கள். செட்டப் திரையில் லோட் டிரைவர் என்பதை அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் தெரிய வரும்.

10. உபுண்டு மெனு வந்த பிறகு திரை கறுத்துப்போனால், ரீஸ்டார்ட் செய்து அதே மெனுவில் சேஃப் கிராபிக்ஸ் வரியைத் தேர்ந்தெடுங்கள். என்விடியா கார்டு உள்ள மெஷின்களில் இது அடிக்கடி நடக்கும்.

11. முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு மறுபடி ஆரம்பத் திரையே வந்தால், பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்யுங்கள். செட்டப் தொடரும்.

12. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப்பும் 4 ஜிபி ராமும் வேண்டும். பழைய மெஷினை வளைத்து அதை ஏற்ற வைக்கும் தந்திரங்கள் இருக்கின்றன. நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பழைய மெஷினுக்கு லினக்ஸ் போதும். தமிழ்நாட்டு அரசின் இலவச லேப்டாப்பில் சி-டாக்கின் பாஸ் லினக்ஸைப் பார்த்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பாதிப் பயம் தீர்ந்தது. டிஸ்க்கில் கை வைக்காமல், பென் டிரைவிலிருந்தே உபுண்டுவை ஓட்டி வைஃபை, ஒலி, பிரின்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். இன்ஸ்டால் பட்டனை அப்புறம் தொடலாம்.

13. லினக்ஸ் எழுதிய பென் டிரைவை விண்டோஸில் செருகினால், ஃபார்மேட் செய்யவா என்று கேட்கலாம். 32 ஜிபி சில எம்பியாகத் தெரியலாம். வேலை மிச்சம் இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வேலை முடிந்துவிட்டால், அதே ரூஃபஸில் பூட் வேண்டாம் என்ற தேர்வோடு ஃபார்மேட் கொடுங்கள். முழு அளவும் திரும்பிவிடும்.