தண்டு மாற்றப் பழகும் தம்பிக்கு

அன்புத் தம்பி,

நுவரெலியா மைதானத்தில் பிறர் பையைச் சுமந்துகொண்டே ஆட்டத்தையும் கற்று, ஓய்வு நேரத்தில் பழைய கொல்ஃப் மட்டைகளைப் பழுதுபார்க்கத் தொடங்கும் இளைஞர்கள் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன். உனக்கே எழுதியதாக எடுத்துக்கொள். மட்டையின் தலை நன்றாக இருந்து தண்டு மட்டும் முறிந்தோ வளைந்தோ போயிருந்தால், அல்லது ஆடுபவரின் உயரத்துக்கும் கைவேகத்துக்கும் அது பொருந்தாவிட்டால், தண்டை மட்டும் மாற்றிவிடலாம். வீட்டிலேயே, குறைந்த செலவில் மாற்றலாம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குறைந்த செலவு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பசையில் மிச்சம் பிடிக்கிறார்கள், பொருந்தாத தண்டை மலிவாக வாங்குகிறார்கள். நான் சொல்ல வருவது இதுதான்: கருவியில் மிச்சம் பிடி, பொருளில் பிடிக்காதே. வேலைக்கு முன் அளப்பதும் வேலைக்குப் பின் காத்திருப்பதும் ஒரு சதமும் கேட்காதவை. உண்மையான சேமிப்பு அந்த இரண்டிலும் இருக்கிறது.

முதலில் பணக் கணக்கைப் பார். 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபாய்ப் பக்கம் நின்ற டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபாயைத் தொட்டது. பிறகு இறங்கியபோதும் 300 ரூபாய் அளவிலேயே நின்றது. அந்த விலையில், வெளிநாட்டில் 20 டொலருக்கு விற்கும் ஓர் எஃகுத் தண்டு, அனுப்பும் கூலியும் வரியும் சேர்வதற்கு முன்பே 6,000 ரூபாய். தோட்டத் தொழிலாளரின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 2024 இல் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அப்படியானால் ஒரு தண்டு நான்கு நாளுக்கும் மேலான உழைப்பு. ஒரு தண்டைத் தவறான இடத்தில் அறுத்துவிட்டால் போவது நான்கு நாள் மலையேறிக் கொழுந்தெடுத்த கூலி. பசைக் குழாயில் சில நூறு ரூபாயைச் சேமித்து, அளக்காமல் அறுத்து ஆறாயிரத்தை இழப்பதைச் சிக்கனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கொல்ஃப் துரைமாரின் ஆட்டம், லயத்துப் பிள்ளை அதன் கருவியில் ஏன் மினைக்கெட வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கேள்வியை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். நுவரெலியா மைதானம் 1889 இல் வெள்ளைக்காரர்களுக்காகத்தான் உருவானது. அதன் புல்லைப் பராமரித்தவர்களும் பையைச் சுமந்தவர்களும் அதில் ஆடும் உரிமை பெற நெடுங்காலம் சென்றது. ஆனால் ஆட்டம் யாருடையதாக இருந்தாலும், கருவியைப் பற்றிய அறிவு கைத்தொழிலாளரிடமிருந்தே வந்திருக்கிறது. அக்காலத்துத் தண்டுகள் ஹிக்கரி மரத்தால் ஆனவை. அவற்றைச் சீவி, ஒட்டி, நூல் சுற்றிக் கட்டியவர்கள் மைதானத்துப் பட்டறைகளில் இருந்த தொழிலாளர்கள். ஸ்கொட்லாந்தின் செயின்ட் அன்ட்ரூசில் பேரெடுத்த ரொம் மொரிஸ் ஒரு நெசவாளியின் மகன். பந்து செய்யும் பட்டறையில் வேலை பழகி வளர்ந்தவர். அமெரிக்கக் கொல்ஃப் வீரர் பென் ஹோகன் சிறு வயதில் பை சுமந்தவர். 1953 இல் சொந்தமாக மட்டை செய்யும் நிறுவனத்தையே தொடங்கினார். ஆட்டமும் துரைமாரோடு நின்றுவிடவில்லை: நம் நாட்டின் கொல்ஃப் வீரர்கள் தங்கராஜாவும் பிரபாகரனும் இந்தியத் தொழில்முறைச் சுற்றில் ஆடிப் பெயர் பெற்றவர்கள். கருவியறிவு கைத்தொழிலாளரிடமிருந்தே வருகிறது என்பதை மலையகத்தின் சொந்த அனுபவமும் சொல்கிறது. பெல்பாஸ்டிலிருந்து வந்த சிரொக்கோ தேயிலை உலர்த்தியையும் கொழும்பில் வார்த்த உருளை இயந்திரங்களையும் தலைமுறை தலைமுறையாக ஓடவைத்தவர்கள் தோட்டத்து பிட்டர்மார். இயந்திரம் துரையின் சொத்து, அதைப் பிரித்துப் பூட்டும் அறிவு அவர்களின் சொத்து. உன் கையிலும் அப்படி ஓர் அறிவு சேர்வதை நான் பெருமையாகவே நினைக்கிறேன்.

இனி அளவுக்கு வருவோம். தண்டின் நுனி விட்டமும் தலையின் கழுத்துத் துவாரமும் ஒத்துப்போக வேண்டும். டிரைவர் மட்டைக்குப் பெரும்பாலும் 0.335 அங்குலம். அயன் மட்டைகளில் இரு வகை உண்டு: நுனி ஒடுங்கிச் செல்லும் 0.355, நுனிப்பகுதி ஒரே பருமனாக இருக்கும் 0.370. பாடசாலை ஆய்வுகூடத்தில் நீ கையாண்ட வேணியர் இடுக்கிமானியே இதற்குப் போதும். இந்த இரு வகையின் வேறுபாடு தெரியாமல் எவரும் வாளைத் தொடக் கூடாது. ஒடுங்கும் நுனித் தண்டு ஒவ்வோர் எண் மட்டைக்கும் தனி நீளத்தில் வருகிறது. அதன் நுனியை அறுக்கவே கூடாது, பிடிப் பக்கம்தான் அறுக்க வேண்டும். நேர்நுனித் தண்டை நுனியில் அறுத்தே ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய விறைப்புக்குக் கொண்டுவருகிறார்கள்; எண் ஒன்று கூடும்போது வழக்கமாக அரை அங்குலம் கூடுதலாக அறுபடும். சிக்கனமாக வேலை செய்பவனுக்கு இதில் ஒரு வழி திறக்கிறது. 5 ஆம் அயனிலிருந்து கழற்றிய நேர்நுனித் தண்டு நன்றாக இருந்தால், நுனியில் ஓர் அங்குலம் அறுத்து 7 ஆம் அயனுக்குப் போடலாம். 38 அங்குல மட்டைக்கும் 37 அங்குல மட்டைக்கும் இடையிலான நீள வித்தியாசமும் ஏறத்தாழச் சரியாகிவிடும். மறுபக்கமாக, குட்டை மட்டையின் தண்டை நெட்டை மட்டைக்குப் போட முடியாது. ஆகவே பழைய தண்டு வாங்கும்போது நெட்டை மட்டையிலிருந்து கழற்றியதையே தேடு. தண்டில் ஒட்டியிருக்கும் ஆர், எஸ் என்ற எழுத்துகளை மட்டும் நம்பி வாங்காதே. விறைப்பைக் குறிக்கும் அந்த எழுத்துகளுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவரின் ஆர் இன்னொருவரின் எஸ் அளவுக்கு விறைப்பாக இருக்கலாம். நிறுத்துப் பார்த்த எடையும் அளந்த நீளமும் பொய் சொல்லாது.

எடையை நிறுப்பதற்கு விலையுயர்ந்த தனித் தராசு வேண்டும் என்பார்கள். கடைக்காரர்கள் ‘ஸ்விங் வெயிட்’ என்று சொல்லும் அளவு அந்தத் தராசில்தான் வாசிக்கப்படுகிறது. மட்டையைச் சுழற்றும்போது தலை எவ்வளவு கனமாகக் கையில் உறைக்கிறது என்பதற்கான அளவு அது. ஆனால் அதற்குப் பின்னாலுள்ள கணக்கு எளியது. மட்டை முழுவதையும் ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசில் நிறு. பிறகு அதை ஒரு கத்தி விளிம்பில் சமநிலையில் நிறுத்தி, பிடியின் முனையிலிருந்து அந்தப் புள்ளி வரை அங்குலத்தில் அள. அதிலிருந்து 14 ஐக் கழித்து, மீதியைக் கிராம் எடையால் பெருக்கு. விடை 6,050 வந்தால் அதுவே டி-0 என்ற அளவு. ஒவ்வொரு 50 உம் ஒரு புள்ளி. 430 கிராம் எடையுள்ள மட்டை 28.1 அங்குலத்தில் சமநிலை கொண்டால் விடை 6,063. புதுத் தண்டு இலேசானதாக இருந்து, எடை 400 கிராமாகவும் சமநிலைப் புள்ளி 28.8 அங்குலமாகவும் மாறினால் விடை 5,920. ஏறத்தாழ மூன்று புள்ளி குறைவு. தலையில் இரண்டு கிராம் சேர்த்தால் ஒரு புள்ளி கூடும் என்பதால், ஆறு கிராம் ஈயப் பட்டி ஒட்டினால் பழைய கனம் திரும்பிவிடும். தராசும் அளவு நாடாவும் ஒரு கொப்பிப் புத்தகமும் அந்த விலையுயர்ந்த கருவியின் வேலையைச் செய்துவிடுகின்றன. பழைய தண்டைக் கழற்றுவதற்கு முன்பே நீளம், எடை, சமநிலைப் புள்ளி மூன்றையும் எழுதிவை. கழற்றிய பின் அந்தத் தகவலை எங்கிருந்தும் மீட்க முடியாது.

கழற்றும் வேலையில் எஃகுக்கும் கிரபைட்டுக்கும் ஒரே முறை செல்லாது. எஃகுத் தண்டை வைஸில் பிடித்து, தலையின் கழுத்தைச் சூடாக்கி, பசை இளகியதும் தலையை முறுக்கிக் கழற்றலாம். கிரபைட்டை அப்படி முறுக்கினால் பிசினில் பதிந்த கரி இழைகள் உள்ளே பிரிந்துவிடும். வெளியே ஒரு கீறலும் தெரியாது. அது இன்னொரு நாள், இன்னொருவர் கையில் முறியும். கிரபைட்டை நேராக இழுத்தே எடுக்க வேண்டும், அதற்கென்று இழுகருவி உண்டு. அது கையில் இல்லாதவரை, நீ மீண்டும் பயன்படுத்த நினைக்கும் கிரபைட் தண்டைத் தொடாதே. ஒரு டிரைவரின் தலை மெல்லிய உலோகமாகவோ கரி இழைத் தகடு சேர்ந்ததாகவோ இருக்கும். தீச்சுவாலை அதைப் பாழாக்கிவிடும். ஆகவே எஃகுத் தண்டும் எஃகுத் தலையுமுள்ள அயனில் தொடங்கு. வைஸ் வாங்கத் தேவையில்லை, தோட்டத்து வேக்சொப்பில் கேட்டுப் பார். பழைய பசை சூடேறும்போது வரும் புகை நுரையீரலுக்கு ஆகாது; கிரபைட்டை அறுக்கும் தூளும் அப்படியே. பிடி மாற்றப் பெற்றோல் ஊற்றுகிறவர்களைப் பின்பற்றாதே. ஒரே அறையில் அடுப்பும் பிள்ளைகளும் இருக்கும் லயத்துக்குள் இந்த வேலை எதுவும் நடக்கக் கூடாது. வெளியே, காற்றோட்டத்தில், முகக்கவசத்தோடு செய்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒட்டு. ஓர் அயனின் தண்டு தலைக்குள் ஏறத்தாழ ஒன்றேகால் அங்குலம்தான் இறங்குகிறது. பசை பற்றும் பரப்பு ஒன்பது சதுர சென்ரிமீற்றர் அளவு. வேகமாகச் சுழற்றும் ஒருவரின் மட்டைத் தலை வெளிநோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 30 கிலோ எடைக்குச் சமம். நல்ல எபொக்சி அதைப் போலப் பன்மடங்கைத் தாங்கும் என்பதால் பலர் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் ஒட்டைப் பெயர்ப்பது அந்த இழுவை ஒன்று மட்டுமல்ல. பந்திலும் மண்ணிலும் மோதும் அதிர்ச்சி, தலை முறுக்கும் திருகல் எல்லாம் ஆயிரக்கணக்கான தடவை அதன்மேல் விழுகின்றன. குரோம் பூச்சின் மேல் போட்ட பசைக்குப் பிடிமானம் கிடையாது. நுனியின் குரோமை சாண்ட் பேப்பரால் முழுக்கத் தேய்த்து, துவாரத்துப் பழைய பசையைச் சுரண்டி, எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் இறுகும் பசையை வாங்காதே. அதிர்ச்சி தாங்கும், ஒரு நாளில் இறுகும் வகையை வாங்கு. அந்த ஒரு நாள் என்பது 25 பாகை செல்சியஸ் அளவு வெப்பத்துக்குச் சொன்ன கணக்கு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் சராசரி வெப்பம் 16 பாகைதான். தை, மாசி இரவுகளில் புல்லில் உறைபனி படிகிறது. குளிரில் எபொக்சியின் இரசாயனத் தாக்கம் மெதுவாகிறது, வெப்பம் பத்துப் பாகை குறைந்தால் நேரம் ஏறத்தாழ இரட்டிக்கும். கொழும்பில் ஒரு நாள் என்றால் இங்கே இரண்டு மூன்று நாள் என்று வைத்துக்கொள். வாட்டுப் பரணில் கொழுந்து பதமாக வாடுமுன் உருளையில் போட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், பசையும் அப்படித்தான். கலந்து மிஞ்சிய பசையை ஓர் அட்டைத் துண்டில் தடவி மட்டையின் பக்கத்திலேயே வை. அதில் நகம் பதியாமல் போகும்வரை மட்டையைத் தொடாதே.

இவ்வளவு பாடுபடுவதைவிடத் தேர்ந்தவரிடம் கொடுத்துவிடலாமே என்ற மறுப்பு நியாயமானது. ஆடுபவரின் வீச்சைக் கருவி வைத்து அளந்து தண்டைத் தெரிவு செய்வதில் அவர்களோடு நீ போட்டியிட முடியாது. ஆனால் தெரிவு வேறு, பொருத்தும் வேலை வேறு. பொருத்துவதற்கு வேண்டியது ஒழுங்கும் பொறுமையும். பொறியியலாளர் கார்ஸ்டன் சொல்ஹைம் 1959 இல் பிங் என்ற மட்டையைத் தம் வீட்டுக் கார்க் கொட்டகையில்தான் செய்தார். வீட்டில் செய்ததால் அது தரம் குறையவில்லை. தண்டு மாற்றினால் ஆட்டம் மாறாது, வீச்சைத்தான் திருத்த வேண்டும் என்பது இன்னொரு மறுப்பு. பாதி உண்மை. கெட்ட வீச்சைத் தண்டு திருத்தாது. ஆனால் 130 கிராம் எஃகுத் தண்டை 15 வயதுப் பிள்ளை கையில் கொடுத்து வீச்சைத் திருத்தச் சொல்வதும் வீண்; களைப்பே அவன் வீச்சைக் கெடுக்கும். எடையும் நீளமும் உடலுக்குப் பொருந்திய பிறகுதான் பயிற்சி பலன் தரும்.

கடைசியாக, பிறர் மட்டையைத் தொடும்போது உன் பொறுப்பு இரட்டிப்பாகிறது. நுவரெலியா மைதானம் நகரின் நடுவிலேயே கிடக்கிறது. பாதையும் வீடுகளும் பக்கத்தில். ஒட்டு விட்டுப் பறக்கும் தலை யார்மீதும் விழலாம். ஆகவே உன் சொந்த மட்டை ஒன்றில், அல்லது யாரும் வேண்டாமென்று விட்ட 7 ஆம் அயன் ஒன்றில், தொடங்கு. அதை ஆளில்லாத இடத்தில் பல வாரம் நீயே அடித்துப் பார். அதன்பின் மட்டும் இன்னொருவரின் வேலையை ஏற்றுக்கொள். ஏற்ற ஒவ்வொரு மட்டைக்கும் திகதி, தண்டின் விட்டம், அறுத்த அளவு, பசையின் வகை, காத்திருந்த நாள் எல்லாவற்றையும் கொப்பியில் எழுது. நாளைக்கே வேண்டும் என்று கேட்பவரிடம் முடியாது என்று சொல். கூடுதல் பணம் தந்தாலும் சொல். அவசரத்தில் நீ இழக்கும் பெயரை மீண்டும் சம்பாதிக்க ஆண்டுகள் செல்லும், மூன்று நாள் காத்திருந்தவரோ அடுத்த மட்டையையும் உன்னிடமே கொண்டுவருவார்.

அன்புடன்,
உன் முன்னேற்றத்தில் அக்கறையுள்ள ஓர் அண்ணன்