முழு மர மட்டையின் ஆட்டம்

கேள்வி: மேசைப்பந்து பழகத் தொடங்கும் மாணவர்களுக்குக் கார்பன் கலவாத முழு மர மட்டையையே பலர் பரிந்துரைப்பது ஏன்?
- வாசகர், ஆரணி

பதில்: ரப்பர் ஒட்டப்படாத வெறும் மட்டை ‘பிளேடு’ எனப்படும். அதன் தடிமனில் குறைந்தது 85 விழுக்காடு இயற்கை மரமாக இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதியாகையால், கார்பன் மட்டை என்று விற்கப்படுவதும் பெரும்பகுதி மரமே. முழு மர பிளேடு பெரும்பாலும் ஐந்து அல்லது ஏழு மென்தகடுகளால் ஆனது. நடுத்தகட்டின் இழைகள் கைப்பிடியின் போக்கிலும், அதை அடுத்த தகட்டின் இழைகள் குறுக்காகவும் அமைய ஒட்டப்படுவது, ஆரணித் தறியின் பாவும் ஊடையும் போல, இரு திசையிலும் உறுதி தருகிறது.

பந்து படும்போது இத்தகைய பிளேடு சற்றே வளைந்து மீள்வதாலும், அதிர்வைத் தணிக்கும் செயற்கை இழை இல்லாமையாலும், பந்து எங்கே, எவ்வளவு அழுத்தமாகப் பட்டது என்பதைக் கை உடனே உணர்கிறது. கீழிருந்து மேலாக உரசிச் சுழற்சி ஏற்றும் ‘டாப்ஸ்பின்’ அடியைத் தொடக்கநிலையினர் திருத்திக்கொள்ள இவ்வுணர்வே உதவுகிறது. குறை, விளிம்பருகே பட்ட பந்து வேகமிழப்பதும், மேசையிலிருந்து விலகி நின்று அடிக்கையில் கூடுதல் உடல்வலிமை தேவைப்படுவதுமாகும். 2014 முதல் பன்னாட்டுப் போட்டிகளில் செல்லுலாய்டு பந்துக்கு மாற்றாக பிளாஸ்டிக் பந்து வந்து சுழற்சி சற்றுக் குறைந்தபின், முன்னணி ஆட்டக்காரர் பலர் இழை கலந்த பிளேடையே நாடுகின்றனர். எனினும் கனமான ஏழு தகட்டு மர பிளேடு வேகத்தில் சில கார்பன் மட்டைகளுக்கு நிகரானது. மட்டை உறையில் அச்சிடும் வேக எண்களோ நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவதால், அவற்றை ஒப்பிட்டு வாங்குவதில் பயனில்லை.